புகை அளந்த நிச்சயதார்த்தம்

நான் மோட்டாரை முடுக்கினால் பக்கத்து வீட்டு அங்கிள் இருமுவார். நான் சாவியைத் தேடிக்கொண்டிருக்கும்போதே இருமத் தொடங்கிய நாள்களும் உண்டு.

பினாங்கின் டத்தோ கிராமாட்டில் எங்கள் இரண்டு வீடுகளுக்கும் நடுவில் இடுப்புயரச் சுவர் ஒன்றுதான். அந்தப் பக்கம் அவருடைய கார், எங்கள் பேச்சில் காடி; இந்தப் பக்கம் என்னுடைய கப்சாய். முன்னால் கூடை வைத்த, காலால் கியர் போடும் சின்ன மோட்டார் சைக்கிளை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். தொண்ணூறுகள் தொடங்கியிருந்த நேரம். பாயான் லெப்பாஸில் ஓர் எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் நான் லைன் லீடராக இருந்தேன். தொழிற்சாலை பஸ் ஊரெல்லாம் சுற்றி ஆள் ஏற்றிக்கொண்டு போகும். எனக்கு வாந்தி வரும். அதனால்தான் மோட்டார் வாங்கினேன். அம்மா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. எட்டாம் நாள் பாசாருக்கு, அதாவது சந்தைக்கு, கூட்டிக்கொண்டு போகச் சொன்னார்.

அங்கிள் ஓர் அரசாங்க அலுவலகத்தில் தலைமைக் கிராணியாக, அதாவது தலைமை எழுத்தராக, இருந்து ஓய்வு பெற்றவர். யாழ்ப்பாணத்துக் குடும்பம். பிறந்தது பினாங்கில் என்றாலும் வாய் திறந்தால் பேச்சு அவருடைய அப்பா ஊர்ப் பேச்சாகத்தான் வரும். வெள்ளை அரைக்கைச் சட்டை, சட்டைப் பையில் பேனா. வீட்டில் இருக்கும்போதும் பேனா இருக்கும். அவருடைய கார் பாலாடை நிறத்தில் பழைய கார். பாசாருக்கு ஒரு தடவை, வெள்ளிக்கிழமை கோயிலுக்கு ஒரு தடவை, அவ்வளவுதான் அதற்கு வேலை. ஆனால் தினமும் காலையில் கழுவுவார். அந்தக் கார் ஓடியதைவிடக் குளித்ததுதான் அதிகம்.

சண்டை ரோட் டேக்ஸில் ஆரம்பித்தது. ஒரு சனிக்கிழமை நான் வருஷ வரி கட்டிவிட்டு வந்து, வட்டமான அந்தத் தாளை மோட்டாரின் முன்பக்கம் இருந்த கண்ணாடி மூடிக்குள் செருகிக்கொண்டிருந்தேன். அங்கிள் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து எவ்வளவு என்று கேட்டார். சொன்னேன். அவர் நம்பவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்து குனிந்து படித்தார். படித்து முடித்ததும் அவர் முகத்தில் இருந்த வேதனையை வேறு எங்கும் நான் பார்த்ததில்லை.

"ஒரு ரொட்டி சானாயும் ஒரு தேத்தண்ணியும் குடிக்கிற காசு பிள்ளை இது. இதுக்கு ஒரு வருஷம் முழுக்க ரோட்டில புகை விடலாமோ?"

தான் கட்டும் வரியைச் சொன்னார். கேட்கக் கஷ்டமாகத்தான் இருந்தது. எஞ்சின் பெரிசாக ஆக வரியும் பெரிசாகும், அதுதான் கணக்கு என்று சொல்லிப் பார்த்தேன். அது வரி இல்லை, புகை வாடகை என்றார். காற்று அரசாங்கத்துடையது. அதில் புகை விடுகிறவர்கள் வாடகை கட்டுகிறார்கள். அவர் முழு வாடகை கட்டுகிறார், நான் ஏறக்குறைய சும்மா குடியிருக்கிறேன். வரி ரோட்டுக்குத்தான், என்னுடைய இரண்டு ஒல்லிச் சக்கரம் ரோட்டை எவ்வளவு தேய்த்துவிடும் என்று கேட்டேன். ரோட் டேக்ஸ் என்று பெயர் வைத்ததே மக்களைக் குழப்பத்தான் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

இது இத்தோடு முடிந்திருக்கும். அந்த வாரம் பார்த்து அவர் படிக்கும் ஆங்கிலப் பேப்பரில் கரியமில வாயுவைப் பற்றிக் கட்டுரை வந்துவிட்டது. பூமி சூடாகிறது, காரணம் இந்த வாயு, வாகனங்கள் அதை விடுகின்றன என்று போட்டிருந்தார்களாம். அதுவரை அவர் கண்ணால் பார்க்கும் புகையை மட்டும்தான் வெறுத்தார். இப்போது கண்ணுக்குத் தெரியாத ஒன்று கிடைத்துவிட்டது. அதற்கு நிறமும் இல்லை, வாசமும் இல்லை. என்னுடைய மோட்டாரிலிருந்து வருகிறது என்று எந்த நேரத்திலும் சொல்லலாம்.

நான் தமிழ்ப்பள்ளியில் அதைக் கரிவளி என்று படித்திருந்தேன். செடி தின்னும் என்பதைத் தவிர வேறு ஒன்றும் ஞாபகமில்லை. ஆனாலும் விடவில்லை.

"அங்கிள், குடிக்கிற பெட்ரோல்தானே பொகையா வரும்? என் மோட்டாருக்கு வாரத்துக்கு ஒரு தடவ ஊத்துறேன், அதுவும் ஒரு குடம் வராது. உங்க காடி தொட்டி எங்க குளிக்கிற தொட்டி அளவு இருக்கு லா."

அவர் அதை மறுக்கவில்லை. தலைமைக் கிராணி இல்லையா, வகுத்துக் காட்டினார். காரில் ஐந்து பேர் போகலாம். அதனால் காரின் வாயுவை ஐந்தால் வகுக்க வேண்டும். மோட்டாரில் நான் ஒருத்தி. ஆளுக்கு இவ்வளவு என்று பார்த்தால் நான்தான் குற்றவாளி. ஆனால் அங்கிள், நீங்கள் எப்போதும் தனியாகத்தானே போகிறீர்கள் என்று கேட்டேன்.

"இடம் இருக்கு. ஆக்கள் வந்து ஏறாதது காடியின்ர பிழை இல்லை."

நான் ஷிஃப்டுக்குப் போய்விட்டேன்.

அந்த வருஷம் அவர் மகளுக்கு மாப்பிள்ளை அமைந்தது. மகள் பள்ளி ஆசிரியை. எனக்கு மூத்தவள், ஆனால் சுவருக்கு மேலே கதைப் புத்தகம் மாற்றிக்கொள்வோம். மாப்பிள்ளை தைப்பிங்கில் அறிவியல் ஆசிரியர். அவருடைய அப்பா ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவர். ரயிலைத் தவிர வேறு எதையும் நம்பமாட்டார். சீனப் பெருநாள் விடுமுறையில் எல்லாருக்கும் லீவு என்பதால் இரண்டாம் நாளே நிச்சயதார்த்தம் என்று பேசி முடித்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் நாலு பேர் ரயிலில் பட்டர்வொர்த் வந்து, ஃபெரியில் கடலைத் தாண்டி, ஜெட்டி என்கிற படகுத்துறையில் இறங்குவார்கள். அங்கிள் காரோடு போய் அழைத்து வருவார். இதில் ஒரு சிக்கலும் இல்லை.

அன்று காலை அங்கிள் காரை இரண்டு தடவை கழுவினார். வேட்டி கட்டி, அதற்கு மேல் கோட்டுப் போட்டுத் தயாராகிவிட்டார். அப்போதும் ரயில் வர நிறைய நேரம் இருந்தது. உள்ளே ஆன்ட்டி, அதாவது அவர் மனைவி, பாயசம் கிண்டிக்கொண்டிருந்தார். ஒரு வேலையும் இல்லாமல் நிற்க அங்கிளுக்குத் தெரியாது. நான் உதவிக்கு வரலாம் என்று பட்டுப் பாவாடை தாவணியில் வந்தேன். என்னைப் பார்த்தார், சுவருக்கு அப்பால் நின்ற மோட்டாரைப் பார்த்தார், தன் காரைப் பார்த்தார்.

மாப்பிள்ளை அறிவியல் படித்தவர், அவருக்குக் காட்ட ஓர் ஆதாரம் இருக்கட்டும் என்றார். யோசனை இதுதான். ஒரே அளவான இரண்டு கறுப்புக் குப்பைப் பைகள். ஒன்றை மோட்டாரின் புகைக்குழாயில் கட்டுவது, இன்னொன்றைக் காரின் குழாயில் கட்டுவது. இரண்டையும் முடுக்கிவிட்டு எந்தப் பை முதலில் நிரம்புகிறது என்று பார்ப்பது. புகை வேறு, கரியமில வாயு வேறு இல்லையா அங்கிள் என்று கேட்டேன். பையைப் பிடித்துவிட்டால் மிச்சம் எல்லாம் கணக்கு என்றார்.

என்னுடைய பையைக் கட்டினோம். மோட்டார் டுக்குடுக்கென்று ஓட, பை மெதுவாக உப்பி, பூசணிக்காய் போல உட்கார்ந்தது. வாயை இறுக்கிக் கட்டி எடுத்து ஓரமாக வைத்தார். அதற்குப் பிறகுதான் நியாயம் குறுக்கே வந்தது. என் மோட்டாரின் குழாய் சின்னது, காரின் குழாய் பெரியது. பெரிய வாய் சீக்கிரம் ஊதும், இது சமமான போட்டி இல்லை என்று அவருக்கே தோன்றிவிட்டது. தன் காருக்குச் சாதகமாகத்தானே அங்கிள் செய்வார் என்று நினைப்பீர்கள். அவரைக் கேட்டால் அது சாதகம் இல்லை, நியாயம். ஆன்ட்டியின் துவாலை ஒன்றை நனைத்துச் சுருட்டி, காரின் குழாய்க்குள் வைத்து வாயைச் சின்னதாக்கினார். பிறகு காரை முடுக்கினார். கார் ஒரு தடவை இருமியது, முக்கியது, நின்றுவிட்டது.

இறுக்கித் திணித்ததில் துவாலை ஆழமாக உள்ளே போய்விட்டிருந்தது. விரலால் எட்டவில்லை. துடைப்பத்தின் கம்பை விட்டு நெம்பினார். துவாலை இன்னும் உள்ளே போனது, கம்பு முறிந்து பாதி அதனோடு போய்விட்டது. முறிந்த கம்பை எடுக்க அடுக்களையிலிருந்து கிடுக்கியைக் கொண்டுவரச் சொன்னார். பாயசச் சட்டியை இறக்க ஆன்ட்டி கிடுக்கியைத் தேடிக்கொண்டிருந்த அதே நேரத்தில் அதன் ஒரு கால் குழாயின் வளைவுக்கு அப்பால் எங்கோ கழன்று விழுந்தது. டிங் என்று சத்தம் கேட்டது. அங்கிள் எழுந்து நின்று கோட்டைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

காரை மறுபடி முடுக்கிப் பார்த்தோம். அது எங்களோடு பேசவே தயாராக இல்லை.

அன்று சீனப் பெருநாள் என்பதை அப்போதுதான் எல்லோரும் முழுசாக உணர்ந்தோம். தெருமுனையில் ஒர்க்‌ஷாப் வைத்திருந்த போர்மென் கதவை இழுத்துப் பூட்டி, சிவப்புத் துணி கட்டிவிட்டு ஊருக்குப் போயிருந்தார். டாக்ஸி ஸ்டாண்டுக்கு அங்கிள் போன் அடித்துக்கொண்டே இருந்தார். யாரும் எடுக்கவில்லை. ஆன்ட்டி வெளியே வந்தார். குழாயைப் பார்த்தார். கையில் மிச்சமிருந்த ஒற்றைக்கால் கிடுக்கியைப் பார்த்தார். ஒரு வார்த்தையும் பேசாமல் உள்ளே போனார். அவர் ஏதாவது சொல்லியிருக்கலாம் என்று அங்கிள் பிற்பாடு என்னிடம் சொன்னார்.

அப்போது என் அண்ணன் வெளியே வந்து, மோட்டார்கள் இருக்கின்றனவே என்றான். அண்ணனுடையது இரண்டு ஸ்ட்ரோக் வண்டி. அது போன பிறகு தெருவில் நீலப் புகை கொஞ்ச நேரம் தங்கியிருக்கும். விசாரணையே தேவையில்லாத கேஸ் என்று அங்கிள் அதை எப்போதோ ஒதுக்கி வைத்திருந்தார். இப்போது அதையே உற்றுப் பார்த்தார். எதிர் வீட்டில் ஒரு மலாய்க்காரர் இருந்தார், தபால்காரர். நாங்கள் பாக்சிக் என்று கூப்பிடுவோம். அவருக்கும் விஷயம் போய், அவரும் தன் மோட்டாரையும் இன்னொரு ஹெல்மெட்டையும் எடுத்துக்கொண்டு வந்து நின்றார். தபால் தவிர வேறு எதையும் இதுவரை பட்டுவாடா செய்ததில்லை, ஆனால் செய்யலாம் என்று மலாயில் சொன்னார்.

அங்கிள் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"பிள்ளை, நடந்ததைச் சொல்லாத. காடிக்கு உடம்பு சரியில்லை எண்டு மட்டும் சொல்லு."

மூன்று மோட்டாரும் ஜெட்டிக்குப் போய்ச் சேர்ந்தபோது ஃபெரி வந்துவிட்டிருந்தது. மாப்பிள்ளை வீட்டாரைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. கூட்டம் கலைந்த இடத்தில் நாலு பேர், அவர்களைச் சுற்றித் தட்டுகள். பழத்தட்டு, வெற்றிலைத் தட்டு, பலகாரத் தட்டு, சேலைத் தட்டு. ஸ்டேஷன் மாஸ்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். மாப்பிள்ளை ஒல்லியாக, வேட்டி அவிழ்ந்துவிடுமோ என்ற பயத்தில் ஒரு கையை இடுப்பிலேயே வைத்திருந்தார். அவருடைய அம்மா தட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தார். நாலாவது ஆள் மாப்பிள்ளையின் பெரியம்மா. பெண்கள் பள்ளியில் தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர் என்று பின்னால் தெரிந்தது. சொல்லாமலே தெரிந்திருக்கும். அரக்குப் பட்டு, கொண்டையைச் சுற்றி மல்லிகை, கையில் பெரிய கறுப்புக் கைப்பை. ஆளும் நல்ல ஆகிருதி.

நான் போய்க் கும்பிட்டுவிட்டு, காடிக்கு உடம்பு சரியில்லை என்றேன்.

"என்ன வருத்தம்?" என்று பெரியம்மா கேட்டார்.

நான் யோசிக்கவில்லை. மூச்சடைப்பு என்று சொல்லிவிட்டேன்.

அவர் என்னை மேலிருந்து கீழே பார்த்தார். பிறகு மூன்று மோட்டாரையும் வரிசையாகப் பார்த்தார். கார் வரும் என்று சொன்னார்கள் என்று ஸ்டேஷன் மாஸ்டர் ஆரம்பித்தார். ரயிலே வராத ஸ்டேஷனில் உட்காரச் சொன்னது போல இருந்தது அவர் குரல். அதற்குள் பாக்சிக் திரிஷா எனும் சைக்கிள் ரிக்ஷா ஒன்றைப் பிடித்துவிட்டார். ஜெட்டியில் அன்று இருந்தது அந்த ஒரே திரிஷாதான். அதிலும் ஓட்டுகிற சீனத் தாத்தா, பெருநாள் என்பதால் மெதுவாகத்தான் மிதிப்பேன் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். தட்டுகளை அதில் ஏற்றினோம். ஏற்றி முடித்த பிறகு ஒருவர் மட்டும் உட்கார இடம் இருந்தது. மாப்பிள்ளையின் அம்மா தட்டுகளை விட்டு நகரமாட்டேன் என்று அதில் ஏறிக்கொண்டார்.

மிச்சம் மூன்று பேர், மூன்று மோட்டார். ஸ்டேஷன் மாஸ்டர் பாக்சிக்கின் பின்னால் ஏறினார். மாப்பிள்ளை என் அண்ணனின் பின்னால் ஏறினார். வேட்டியோடு எப்படி உட்காருவது என்று அவர்கள் இருவரும் கொஞ்ச நேரம் ஆராய்ச்சி செய்தார்கள். பெரியம்மா எனக்கு வந்தார்.

ஹெல்மெட் கொண்டைக்கு மேலே உட்காரவில்லை. அழுத்தினேன். மல்லிகை நசுங்கி வாசம் குப்பென்று வந்தது. அவர் ஒருக்களித்து உட்கார்ந்து, கைப்பையை எங்கள் இருவருக்கும் நடுவில் சுவர் போல வைத்துக்கொண்டார். மோட்டாரின் முன்சக்கரம் லேசாகத் தூக்கியது. நான் முன்னால் குனிந்துகொண்டேன்.

அன்றைக்கு ஜார்ஜ் டவுனில் ரோடு காலி. கடைகள் எல்லாம் மூடி, வாசலில் சிவப்பு விளக்குகள். எங்கோ சிங்க ஆட்டத்து மேளம். அண்ணன் முன்னால் போனான். அவனுடைய நீலப் புகைக்குள் மாப்பிள்ளை மறைந்து மறைந்து தெரிந்தார், தேரில் அம்மன் சாம்பிராணிப் புகைக்குள் இருப்பது போல. கொம்தார் கோபுரத்தைத் தாண்டும்போது ஒரு சந்துக்குள் பட்டாசு வெடித்தது. தடை செய்த பட்டாசுதான், ஆனாலும் வெடித்தது. பெரியம்மா கைப்பையை விட்டுவிட்டு என் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். எனக்கு மூச்சு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு அவர் பிடியை விடவும் இல்லை, பேச்சை நிறுத்தவும் இல்லை. இந்த மோட்டாருக்கு எத்தனை கியர், பிரேக் எந்தக் கால், விழுந்திருக்கிறாயா, எத்தனை தடவை, ரோட் டேக்ஸ் எவ்வளவு என்று காதுக்குள் கேட்டுக்கொண்டே வந்தார். ரோட் டேக்ஸ் தொகையைச் சொன்னதும் சிரித்துவிட்டார். ஹெல்மெட்டுக்குள் அந்தச் சிரிப்பு தகர டப்பாவில் கல் போட்டது போல இருந்தது.

வீட்டு வாசலில் அங்கிள் ஆரத்தித் தட்டோடு நின்றவர்களுக்கு முன்னால் நின்றார். மாப்பிள்ளையின் நெற்றியில் இருந்த விபூதி நீலமாக மாறியிருந்தது போல எனக்குப் பட்டது. பெரியம்மா ஹெல்மெட்டைக் கழற்றியபோது பாதி மல்லிகை அதற்குள்ளேயே இருந்தது. திரிஷா வந்து சேர மேலும் வெகுநேரம் ஆனது. தட்டு இல்லாமல் நிச்சயம் செய்ய முடியாது. எல்லோரும் வெளியறையில் உட்கார்ந்து ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தோம்.

சும்மா இருக்கும் நேரத்தில் அங்கிளை விடக் கூடாது. அவர் போய்ப் பையைத் தூக்கிக்கொண்டு வந்தார். கறுப்பாக, உப்பலாக, என் மோட்டாரின் மூச்சு. அதை மாப்பிள்ளையின் முன்னால் வைத்து, இதற்குள் கரியமில வாயு எவ்வளவு என்று சொல்ல முடியுமா தம்பி என்று கேட்டார். ஆன்ட்டி கண்ணை மூடிக்கொண்டார்.

மாப்பிள்ளை அதுவரை கூச்சத்தில் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர். பையைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். எவ்வளவு என்று சொல்ல முடியாது, ஆனால் இருக்கிறதா என்று காட்டலாம், கொஞ்சம் சுண்ணாம்பு வேண்டும் என்றார். அந்த நேரம் பார்த்துத் திரிஷா வந்தது. வெற்றிலைத் தட்டு உள்ளே வந்த வேகத்தில் அதிலிருந்த சுண்ணாம்பு டப்பா மாப்பிள்ளையின் கைக்குப் போய்விட்டது. ஒரு ஜக் தண்ணீரில் கரைத்து, தெளியவிட்டு, தன் புதுக் கைக்குட்டையில் வடிகட்டி ஒரு கிளாஸில் ஊற்றினார். தண்ணீர் கண்ணாடி போல இருந்தது. பையின் வாயில் ஓர் உறிஞ்சுகுழலைக் கட்டி, குழலைத் தண்ணீரில் விட்டு, பையை மெதுவாக அமுக்கினார். குமிழி வந்தது. கொஞ்ச நேரத்தில் தண்ணீர் பால் போல வெளுத்துவிட்டது.

எல்லோரும் ஆ என்றோம். அங்கிள் என்னைத்தான் பார்த்தார். நான் திருடிய பொருளை வீட்டு அலமாரியிலிருந்து எடுத்துக் காட்டியது போல இருந்தது அந்தப் பார்வை.

ஆனால் மாப்பிள்ளை ஆசிரியர் இல்லையா. இன்னொரு கிளாஸில் தெளிந்த சுண்ணாம்புத் தண்ணீரை எடுத்து அப்பாவிடம் நீட்டி, இதில் ஊதுங்கள் என்றார். ஸ்டேஷன் மாஸ்டர் விசில் ஊதிப் பழகியவர். ஊதினார். அதுவும் வெளுத்தது.

ஸ்டேஷன் மாஸ்டர் கிளாஸைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

"அப்ப நானும் ரோட் டேக்ஸ் கட்டவேணுமோ?"

அதற்குப் பிறகு ஒழுங்கு இருக்கவில்லை. என் அண்ணன் ஊதினான். பாக்சிக் ஊதினார். நோன்பு இல்லாத மாதம் என்று சொல்லிவிட்டு ஊதினார், அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று யாருக்கும் புரியவில்லை. திரிஷா ஓட்டிய தாத்தாவையும் உள்ளே கூப்பிட்டு ஊத வைத்தார்கள். பெண் அறைக்குள்ளிருந்து அழைக்காமலே வந்து, மாப்பிள்ளைக்கு எதிரில் உட்கார்ந்து ஒரு கிளாஸை எடுத்தாள். மாப்பிள்ளை இன்னொன்றை எடுத்தார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு ஊதினார்கள். அவர்கள் சேர்ந்து செய்த முதல் காரியம் அது. எல்லோருடைய கிளாஸும் வெளுத்து, மேசை முழுக்கப் பால் கிளாஸ் வைத்தது போல இருந்தது.

கடைசியாகப் பெரியம்மா. கிளாஸை வாங்கி, புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு ஊதினார். தண்ணீர் எல்லாருடையதையும்விடச் சீக்கிரம் வெளுத்தது. நாங்கள் கைதட்டினோம். அவர் நிறுத்தவில்லை. ஊதிக்கொண்டே இருந்தார். முகம் சிவந்தது. அப்போது நான் என் கண்ணால் பார்த்தது இது: அந்த வெள்ளைத் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளியத் தொடங்கியது. அவர் குழலை எடுத்தபோது கிளாஸில் இருந்தது பச்சைத் தண்ணீர், மழைத்தண்ணீர் போல.

மாப்பிள்ளை சந்தோஷத்தில் எழுந்தே நின்றுவிட்டார். கரியமில வாயு அளவுக்கு மீறிப் போனால் அப்படித்தான் ஆகும், வெளுத்த சுண்ணாம்பு மறுபடி கரைந்துவிடும், பள்ளியில் பிள்ளைகளுக்கு இதுவரை மூச்சுப் போதாமல் அவரால் காட்டவே முடிந்ததில்லை என்றார். பெரியம்மா அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

அங்கிள் அந்தத் தெளிந்த கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மனதில் கணக்கு ஓடுவது எனக்குத் தெரிந்தது. கடைசியில் என் பக்கம் சாய்ந்து, தாழ்ந்த குரலில் சொன்னார்.

"பாத்தியோ பிள்ளை. கனக்க விட்டால் துப்புரவாகிப் போகும். அதுதான் என்ர காடி."

ஆன்ட்டி எழுந்து வந்து எல்லா கிளாஸையும் ஒரு தாம்பாளத்தில் அடுக்கி எடுத்துக்கொண்டு போனார். நல்ல நேரம் முடியப் போகிறது என்று மட்டும் சொன்னார். எல்லோரும் அவசரமாக உட்கார்ந்தோம். தட்டு மாற்றினார்கள், மோதிரம் போட்டார்கள். வெற்றிலைத் தட்டில் சுண்ணாம்பு இல்லாததை யாரும் பேசவில்லை. பாயசம் அடிப்பிடித்திருந்தது, கிடுக்கி இல்லாததால். அதையும் யாரும் பேசவில்லை. பாக்சிக் இரண்டு கிளாஸ் குடித்தார்.

பெருநாள் முடிந்து போர்மென் கடை திறந்ததும், நானும் அண்ணனும் அங்கிளுமாகக் காரைத் தள்ளிக்கொண்டு போனோம். போர்மென் காரின் அடியில் படுத்துக் குழாயைக் கழற்றினார். முதலில் கிடுக்கியின் கால் வந்தது. பிறகு துடைப்பக் கம்பு. பிறகு துவாலை, கரி நிறத்தில். மூன்றையும் தரையில் வரிசையாக வைத்து, இது காரா அடுப்படியா என்று மலாயில் கேட்டார். அங்கிள் மோட்டார் சைக்கிளின் வரியை ஏற்றவேண்டும் என்று அவரிடம் பேச ஆரம்பித்தார். அந்த போர்மென் வீட்டில் நாலு மோட்டார். சிரித்துக்கொண்டே கேட்டார், கூலியைக் குறைக்கவில்லை.

கல்யாணம் தைப்பிங்கில் நடந்தது. அங்கிளும் ஆன்ட்டியும்கூட ரயிலில்தான் போனார்கள், ஸ்டேஷன் மாஸ்டரின் கண்டிப்பு. நான் லீவு கேட்டுவிட்டுப் போனேன். பந்தியில் பெரியம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மோட்டார் லைசன்ஸ் எடுத்துவிட்டாராம். சோதனையில் முதல் தடவை தோற்றுப்போனாராம். சோதிக்க வந்தவர் தப்பு மலாயில் பேசினார் என்று இவர் திருத்தியிருக்கிறார். இரண்டாம் தடவை வேறு ஆளை அனுப்பினார்களாம்.

மறுநாள் காலை ஏரித் தோட்டத்தைச் சுற்றிக் காட்டுகிறேன் என்று சொல்லி, என்னைப் பின்னால் உட்காரவைத்தார். அவருடைய மோட்டார் சிவப்பு, புத்தம் புதுசு, முன்னால் எல் பலகை. லைசன்ஸ் கிடைத்த பிறகும் அவர் அதைக் கழற்றவில்லை. அது இருந்தால் லாரிக்காரர்கள் தள்ளிப் போகிறார்கள் என்றார். கறுப்புக் கைப்பையை ஹேண்டிலில் மாட்டியிருந்தார். பெரிய மழைமரங்களின் கிளைகள் ரோட்டைத் தாண்டி ஏரித் தண்ணீர்வரை தாழ்ந்திருந்தன. பாதி சுற்றியதும் மழை பிடித்துக்கொண்டது. ஒதுங்கலாம் பெரியம்மா என்றேன். தைப்பிங்கில் மழை தினமும் வரும், அதற்கெல்லாம் ஒதுங்கினால் வீடு போய்ச் சேரமுடியாது என்று சொல்லிவிட்டு, ஒரு கியர் கூட்டினார்.